பரீட்சை முடியட்டும்

அத்தியாயம் 17

சிறை அலுவலகத்திலிருந்து போன் வந்த படபடப்பில் புனிதா அடுப்பை அணைக்க மறந்தாள் என்று போன வாரம் விட்டிருந்தோம். நல்ல வேளை, கருகியது பருப்பு மட்டும்தான். வந்தது நல்ல சேதி.

அவள் கணவன் ஜெயபாலனுக்குப் பரோல். குடும்பத்தில் ஒருவர் பொறுப்பேற்று, நேரில் வந்து கையெழுத்துப் போட்டால் ஆடி முடிவதற்குள் வீட்டுக்கு வந்துவிடலாம்.

போன் வந்த ஒரு மணி நேரத்தில் புனிதாவின் தம்பி சுரேன் வந்து நின்றான். மறுநாள் காம்பாரிலிருந்து சம்பந்தியம்மா ராக்காயி வந்தார். அதற்கடுத்த நாள் எல்லாருமாக ஜோசியரிடம் போனார்கள். மகள் குமுதாவுக்கும், ராக்காயியின் மகன் தனேஷுக்கும் ஆவணி மூன்றாவது ஞாயிறு என்று நாள் குறித்தாயிற்று.

ராக்காயி ஒரே ஒரு விஷயத்தில் கறார். "தகப்பன் உசுரோட இருக்கறப்ப மாமன் கையால தாரை வாங்க மாட்டோம். எங்க பக்கம் அது ஆகாது. ஊரு என்னா வேணா பேசட்டும், அவரு மணவறையில உக்காந்தாகணும்."

ஜெயிலுக்குப் போன சம்பந்தி வேண்டாம் என்று எத்தனையோ வீட்டில் சொல்வார்கள். வேண்டும் என்று ஒரு மனுஷி சொல்கிறாள். புனிதா அன்றைக்கு அவர் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள்.

ஜோசியரைக் கேட்டார்கள். கோயில் மண்டபத்தில் கேட்டார்கள். சமையல்காரரைக்கூடக் கேட்டார்கள். ஜெயபாலனை மட்டும் யாரும் கேட்கவில்லை. உள்ளே கிடப்பவனிடம் போய், "வெளியே வருகிறாயா?" என்று எவன் கேட்பான்?

தப்பு நடந்தது அங்கேதான்.

*

செவ்வாய்க்கிழமை காலை சுங்கை சிப்புட்டிலிருந்து புனிதா, குமுதா, சுரேன் மூன்று பேரும் சுரேனின் மைவி காரில் சிறைக்குக் கிளம்பினார்கள். புனிதா ஈப்போவில் ஒரு ஹோட்டல் சலவைக்கூடத்தில் படுக்கை விரிப்புகளுக்கு இஸ்திரி போடுகிறவள். லீவு கேட்டபோது சூப்பர்வைசர் மூஞ்சியைக் கோணினார். கல்யாண வேலை என்று சொல்லி வாங்கிவந்தாள். அது பொய்யுமில்லை.

"அக்கா, மச்சானுக்கு லாரி ரெடி லா," என்றான் சுரேன். "எங்க மொதலாளி தவுக்கேகிட்ட பேசிட்டேன். பத்து வீலு. வந்த மறுநாளே ஏறலாம்."

"மறுநாளேவா? ஒரு வாரம் வீட்டுல இருக்க விடுடா."

"சும்மா உக்காந்தா மனுசன் கெட்டுருவான். உள்ள உக்காந்தது பத்தாதா?"

பின்சீட்டிலிருந்து குமுதா குரல் கொடுத்தாள். "மாமா, அப்பா இப்ப எஸ்.பி.எம். பரீட்சையே பாஸ். இன்னும் லாரிதான் ஓட்டணுமா?"

"எஸ்.பி.எம். பாஸ் பண்ணுனவன்தான் இப்ப மோட்டார்ல அடுத்தவன் சோத்தத் தூக்கிட்டு ஓடறான். போம்மா."

புனிதா சிரித்தாள். சிரித்து எவ்வளவு நாளாயிற்று என்று அவளுக்கே தோன்றியது.

ஜெயபாலன் மூன்றாம் வகுப்போடு நின்றவன். அவனுடைய அப்பா வேலை பார்த்த ரப்பர் எஸ்டேட்டைத் துண்டு போட்டு விற்றபோது குடும்பம் இடம் மாறியது. புதிய ஊரில் பள்ளிக்கூடம் எந்தப் பக்கம் என்று யாரும் விசாரிக்கவில்லை. வளர்ந்து லாரி ஓட்டினான். சைன்போர்டை நிறம் பார்த்துத்தான் கண்டுபிடிப்பான்.

உள்ளே போய் எட்டு மாதம் கழித்து அவன் கைப்பட ஒரு கடிதம் வந்தது. மூன்றே வரி. எழுத்துகள் ரப்பர் மரம்போல இடம் விட்டு விட்டு நின்றன. அடுத்த வருஷம் ஒரு பக்கம். அதற்கடுத்த வருஷம் நான்கு பக்கம்.

"இங்கேயும் விடியக்காலையில் பெரட்டு உண்டு," என்று ஒருமுறை எழுதியிருந்தான். "எஸ்டேட்டில் கங்காணி பெயர் கூப்பிட்டார், இங்கே வார்டன் கூப்பிடுகிறார். எங்கப்பா கையைத் தூக்கின மாதிரியே நானும் தூக்குகிறேன். ஆனால் பெரட்டு முடிந்து எங்கப்பா பால் வெட்டப் போனார். நான் வகுப்புக்குப் போகிறேன்."

சித்திரையில் வந்த கடிதத்தில், பள்ளி இறுதிப் பரீட்சையான எஸ்.பி.எம். முடிவு வந்துவிட்டது, நல்ல முடிவு என்று எழுதியிருந்தான். புனிதா முனியாண்டி கோயிலில் பொங்கல் வைத்தாள். ராக்காயி காம்பார் முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிந்தார். "எங்க சம்பந்தி உள்ள இருந்துகிட்டே எஸ்.பி.எம். பாஸ் பண்ணிட்டாரு!" இரண்டு சம்பந்திகளும் அதைச் சொல்லித்தான் ஜெயில் என்ற வார்த்தையைக் கடந்து வந்தார்கள்.

*

சிறை வாசலில் சுரேனை நிறுத்திவிட்டார்கள். அரைக்கால் சட்டையோடு உள்ளே போகக்கூடாதாம்.

"எத்தன தடவடா வந்திருக்க? தெரியாது?" என்றாள் புனிதா.

"புது வார்டன் போல. பழைய ஆளு விடுவான் லா. நீங்க போங்க, நான் கடையில இருக்கேன்."

கவுண்டரில் ரோஹானா என்ற அதிகாரி இருந்தார். நடுத்தர வயது மலாய்க்காரம்மா, பொறுமைசாலி. படிவத்தை நகர்த்தி வைத்து, முதலில் கணவரைப் பார்த்துவிட்டு வாருங்கள், கையெழுத்துப் பிறகு போடலாம், ஆனால் ஒரு மணிக்குள் என் கைக்கு வரவேண்டும், இன்றுதான் கடைசி நாள் என்று மலாயில் சொன்னார். படிவத்தில் இரண்டு கட்டங்கள். பொறுப்பேற்கிறேன் என்று ஒன்று, ஏற்கவில்லை என்று இன்னொன்று. இரண்டாவதன் கீழே காரணம் எழுத ஒரு கோடு.

அந்த இரண்டாவது கட்டம் எதற்கு என்றே புனிதாவுக்குப் புரியவில்லை. எந்தக் குடும்பம் அதில் குறி போடும்?

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ஜெயபாலன் வந்து உட்கார்ந்தான். ஒட்ட வெட்டிய தலையில் பாதி நரை. மூக்குக்கண்ணாடி போட்டிருந்தான். அது புதுசு. புனிதா போனை எடுத்தாள். அவனும் எடுத்தான்.

"சாப்டீங்களா?"

"ம்."

"சேதி சொன்னாங்கல்ல?"

"சொன்னாங்க. எம் பக்கம் கையெழுத்துப் போட்டுட்டேன்."

"நான் வெளிய போனதும் போட்டுருவேன். ஆவணியில நாள் குறிச்சாச்சு. மண்டபம் சொல்லியாச்சு. உங்களுக்குப் பட்டு வேட்டி எடுக்கணும், இடுப்பு எளச்சுப் போச்சே…"

"புனிதா, நீ போடாத."

அவள் போனைக் காதிலிருந்து எடுத்து ஒரு தரம் பார்த்தாள். மறுபடி வைத்தாள்.

"என்னாது?"

"கையெழுத்துப் போடாத. பொறுப்பு ஏத்துக்கலன்னு குடுத்துரு. மார்கழி கடைசியில தண்டனையே முடிஞ்சுருது. அப்ப வாரேன். கல்யாணத்த தையில வைங்க."

"நீங்க போட்டுட்டு என்னைய போடாதேங்கறீங்க? நல்லா இருக்கே! பொண்டாட்டிதான் வேணாம்னுட்டான்னு நாளைக்கு ஊரு என்னையத்தானே சொல்லும்?"

"வேணாம்னு சொல்றதுக்குத்தான் போனேன். அந்த ஆபீஸ் அம்மா 'வீடு'ன்னு சொல்லிச்சா, கை தானாப் போட்டுருச்சு."

"எதுக்கு வேணாம்?"

"கார்த்திகையில பரீட்சை."

"அதான் பாஸ் பண்ணிட்டீங்களே."

ஜெயபாலன் கண்ணாடியைக் கழற்றிச் சட்டையில் துடைத்தான். திரும்ப மாட்டினான்.

"பண்ணல. ஆறு பாடம் எழுதுனேன். அஞ்சு பாஸ். சரித்திரத்துல பெயிலு. அது போனா மொத்த சர்ட்டிபிகேட்டும் கெடையாது."

"நல்ல முடிவுன்னு எழுதுனீங்க!"

"எழுதக் கத்துகிட்டு நான் செஞ்ச அயோக்கியத்தனம் அதான் புனிதா. முன்னல்லாம் வாயில பொய் சொல்வேன். இப்ப மையில சொல்லிட்டேன்."

பக்கத்தில் நின்ற குமுதாவுக்கு அம்மாவின் பாதிப் பேச்சுதான் கேட்டது. அதுவே போதுமானதாக இருந்தது. போனைப் பிடுங்கினாள்.

"பெயிலா?"

"ஆமாம்மா."

"நன்னெறிப் பாடத்துலயாவது?"

"அதுல பாஸ்."

"ஜெயில்ல உக்காந்துகிட்டு நன்னெறியில பாஸ்!" குமுதாவுக்குச் சிரிப்பு வந்தது. சிரிப்போடு சேர்ந்து அழுகையும் வந்துவிட்டது. "அப்பா, நான் எஸ்.பி.எம். எழுதறப்ப நீங்க லாக்கப்புல இருந்தீங்க. சரித்திரப் பேப்பர் அன்னிக்கித்தான் உங்க கேசு. எழுதி முடிச்சு யூனிபார்மோட கோர்ட்டுக்கு ஓடியாந்தேன். எனக்காக யாரு தேதிய மாத்துனா?"

"தெரியும்மா."

"தெரியும்னு சொல்லாதீங்க!"

வார்டன் திரும்பிப் பார்த்தார். குமுதா குரலைத் தணித்தாள்.

"வெளிய வந்து எழுதுங்க. நானே பேர் குடுக்கறேன். எத்தனையோ பேரு எழுதறாங்க."

"வெளிய வந்தா எழுத மாட்டேம்மா." லாரியில் எத்தனை டன் ஏற்றலாம் என்று சொல்வதுபோலச் சொன்னான். "மாமா லாரிய வச்சுகிட்டு நிப்பான். நான் ஏறிருவேன். ஏறுனா எறங்க மாட்டேன். நடு வருசத்துலகூட எழுத விட்டாங்க, பயந்துகிட்டுப் பேர் குடுக்கல. இந்தத் தடவ குடுத்துட்டேன்."

"அந்தச் சர்ட்டிபிகேட்ட வச்சு என்னா பண்ணப் போறீங்க?"

"அது தெரியல. ஒண்ணையாவது முடிச்சுட்டு வரணும். பள்ளிக்கூடம் பாதி, வேலை பாதி, உன்னைய வளத்ததும் பாதி. இதயும் பாதியில போட்டுட்டு மணவறையில வந்து உக்காரச் சொன்னா உக்காருவேன். ஆனா அதுக்கப்புறம் எந்திரிக்கிறது பழைய ஆளாத்தான் இருக்கும்."

குமுதா மூக்கை உறிஞ்சினாள். "இந்தத் தடவ பாஸாவீங்களா?"

"தெரியாதும்மா."

கண்டிப்பா ஆவேன் என்று சொல்லியிருந்தால் குமுதா போனை வைத்திருப்பாள். தெரியாது என்றதும் வைக்க முடியவில்லை.

அம்மாவிடம் நீட்டினாள். புனிதா வாங்கும்போது ஜெயபாலன் பேசிக்கொண்டிருந்தான். "…கட்டாயம் இல்ல. நீ போட்டாலும் சரிதான், வந்துருவேன். அஞ்சரை வருசம் தாங்குனது நீ. நீதான் சொல்லணும்."

இருபத்து நான்கு வருஷத்தில் அவன் அவளிடம் அப்படிக் கேட்டதில்லை. பதில் சொல்ல வாயைத் திறந்தாள். நேரம் முடிந்து லைன் தானாக அறுந்தது.

*

எதிரே இருந்த சாப்பாட்டுக் கடையில் சுரேன் மீ கோரெங் தட்டைத் தள்ளி வைத்தான்.

"உள்ளதான் இருப்பேன்னு அடம்பிடிக்கிற ஆள நான் இப்பத்தான் பாக்கறேன். மண்ட கிண்ட கொழம்பிருச்சா? அக்கா, நீ போட்டுரு. வெளிய வந்தா எல்லாம் சரியாயிரும்."

"போட்டுரும்மா," என்றாள் குமுதாவும். ஆனால் அவள் குரலில் பலம் இல்லை. "எழுத மாட்டாருன்னு யாருக்குத் தெரியும்?"

புனிதாவுக்குத் தெரியும்.

குமுதா பள்ளிக்கூடத்தில் கடைசி வகுப்பான படிவம் ஐந்தில் இருந்த வருஷம், சமூக மண்டபத்தில் பெரியவர்களுக்கு எழுத்து வகுப்பு நடந்தது. புனிதாதான் அவனுக்குப் பெயர் கொடுத்தாள். முதல் நாள் போனான். இரண்டாம் நாளும் போனான். மூன்றாம் நாள் கோப்பெங் பக்கம் ஒரு லோடு இருக்கிறது என்று சுரேன் கூப்பிட்டான். நோட்டை டிவி மேல் வைத்துவிட்டுப் போனவன், பிறகு அதைத் தொடவே இல்லை.

இரண்டு மாதம் கழித்து ஒரு மணல் கிடங்கின் எடைமேடையில் அது நடந்தது. சீட்டில் எழுதியிருந்த இடத்தில் நிறுத்தாமல் வேறு இடத்தில் லாரியை நிறுத்திவிட்டான். கணக்கு எழுதும் கிராணி எல்லார் முன்னாலும், "இந்த வயசுல எழுத்து தெரியாத எரும," என்று சிரித்தான். ஜெயபாலன் கையில் டயர் கழற்றும் ஸ்பானர் இருந்தது. அந்த மனிதருக்கு இன்றுவரை இடது காது கேட்காது.

ஜெயபாலன் செய்தது தப்பு. அதில் புனிதா என்றைக்கும் வக்காலத்துப் பேசியதில்லை. ஆனால் டிவி மேல் கிடந்த அந்த நோட்டைத் தூசி தட்டும்போதெல்லாம், மூன்றாம் நாள் தடுத்திருக்கலாமே என்று நினைத்துக்கொள்வாள்.

இப்போது அந்த மூன்றாம் நாள் திரும்ப வந்து வாசலில் நிற்கிறது. லாரியோடு சுரேனும் நிற்கிறான்.

ஆனால் ஐந்து மாதம் என்பது சொல்வதற்குத்தான் லேசு. கேஸ் சிலிண்டர் தீர்ந்தால் அவள்தான் தூக்கவேண்டும், கூரை ஒழுகினால் அவள்தான் ஏறவேண்டும். பக்கத்து வீட்டுக்காரியின் பார்வையையும் அவளேதான் வாங்கவேண்டும். அவன் பரீட்சைக்கு அவள் ஃபீஸ் கட்டுகிற மாதிரி.

"குமுதா, சம்பந்தியம்மாவுக்குப் போன் போடு."

"இப்பவா? அம்மா, என்னா சொல்லப் போற?"

"போடு."

ராக்காயி மூன்றாவது மணியில் எடுத்தார். "என்னா சம்பந்தி, கையெழுத்துப் போட்டாச்சா? இங்க பத்திரிகைக்குப் பேரெல்லாம் எழுதி வச்சுட்டேன்."

"சம்பந்தி, நாள கொஞ்சம் தள்ளிப் போடலாமா? தைக்கு."

"தைக்கா? எதுக்கு?"

"அவருக்குப் பரீட்சை இருக்காம். எழுதி முடிச்சுட்டு வாரேங்கறாரு."

"அதான் பாஸ் பண்ணிட்டாரே? நீங்கதானே பொங்கல் வச்சீங்க?"

புனிதா சுரேனைப் பார்த்தாள். அவன் வேண்டாம் வேண்டாம் என்று கையை ஆட்டினான்.

"பாஸ் இல்ல சம்பந்தி. பெயிலு. சரித்திரத்துல. எனக்கே இப்பத்தான் தெரியும்."

அந்தப் பக்கம் ராக்காயி மின்விசிறியை நிறுத்துகிற சத்தம் கேட்டது.

"அப்ப நான் ஊரு பூரா சொன்னது?" என்றார் ராக்காயி.

"பொய்தான். நாங்க சொல்லித்தானே சொன்னீங்க."

"வேற என்னென்ன பொய் இருக்கு?"

"வேற இல்ல சம்பந்தி."

"அத நான் எப்படி நம்பறது?" குரல் உயரவில்லை. உயர்ந்திருந்தால் தேவலை. "பத்திரிகை அடிக்க வேணாம். தனேஷ்கிட்ட பேசிட்டுச் சொல்றேன்."

லைன் அறுந்தது. குமுதா மேசையில் தலையைக் கவிழ்த்துக்கொண்டாள். சுரேன், "முடிஞ்சுச்சு போ," என்றான்.

கடைக் கடிகாரத்தில் மணி பன்னிரண்டு நாற்பது. இன்னும் நேரம் இருந்தது. இப்போதே ஓடிப்போய் முதல் கட்டத்தில் குறி போட்டு, கையெழுத்தும் போட்டு, ராக்காயிக்குத் திரும்ப போன் பண்ணி, "வந்துருவாரு சம்பந்தி, நாள மாத்த வேணாம்," என்று சொன்னால் பாதி காரியம் கெடாமல் நிற்கும். புனிதாவும் அதை நினைக்காமல் இல்லை. சாலையைக் கடக்கும்போது அதைத்தான் நினைத்துக்கொண்டு போனாள்.

ரோஹானா பேனாவை நீட்டினார்.

புனிதா இரண்டாவது கட்டத்தில் குறி போட்டாள். ரோஹானாவின் புருவம் ஏறியது. வீட்டில் ஏதும் பிரச்சினையா என்று தாழ்ந்த குரலில் கேட்டார். புனிதா இல்லை என்று தலையை ஆட்டினாள். காரணக் கோட்டில் மலாயில் மெதுவாக எழுதினாள். என் கணவர் பரீட்சை எழுதவேண்டும்.

ரோஹானா அதைப் படித்தார். முத்திரையை எடுத்து அழுத்தினார்.

*

மூன்று பேரும் வீட்டுக்குக் கிளம்பினார்கள். வெயில் சாலையில் பளபளத்தது. காம்பாருக்குத் திரும்பும் சிக்னலில் சுரேன் வழக்கம்போல நேர் பாதையில் வண்டியை நிறுத்தினான்.

"திருப்புடா," என்றாள் புனிதா.

"எங்க?"

"சம்பந்தி வீட்டுக்கு."

"வெறுங்கையோடவா? இந்தக் கோலத்துலயா? நானே அரைக்கால் சட்டையில இருக்கேன் லா!"

"ஜெயில்லயே உன்னைய விடல. இங்கயும் நீ வண்டியிலயே இரு. பெயிலுன்னு போன்ல சொல்லியாச்சு. மிச்சத்த மூஞ்சியப் பாத்துத்தான் சொல்லணும்."

"குமுதா?"

"அவளும் எறங்கக் கூடாது. நாள் குறிச்ச பொண்ணு தாலிக்கு முன்னால மாப்ள வீட்டு வாசல மிதிக்கிறது வழக்கமில்ல."

குமுதா ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

ராக்காயியின் வீடு வரிசையில் மூன்றாவது. கம்பிக் கதவு பூட்டியிருந்தது. தனேஷின் மோட்டார் சைக்கிள் நிற்கவில்லை, வேலைக்குப் போயிருப்பான். புனிதா இறங்கிச் சேலையைச் சரிசெய்துகொண்டு நான்கு அடி நடந்திருப்பாள். பின்னால் இன்னொரு கார்க் கதவு சாத்தும் சத்தம் கேட்டது.

"குமுதா, உள்ள ஏறு."

"நானும் வாரேம்மா."

"சொன்னாக் கேளு!"

"நாளே இல்லன்னு ஆயிருச்சு. அப்புறம் என்னா நாள் குறிச்ச பொண்ணு?"

சத்தம் கேட்டு ராக்காயி வெளியே வந்தார். சாவிக்கொத்து கையில் இருந்தது. புனிதாவை அவர் பார்க்கவே இல்லை. அவர் கண் குமுதாவின் மேல் நின்றது.

"நீ எதுக்கும்மா வந்த?"

"அப்பாவப் பத்திப் பேச வந்தேன் அத்தை," என்றாள் குமுதா. "அம்மாவுக்கு அவரு புருசன். நான்தான் அவருமேல ரொம்பக் கோவமா இருக்கறவ. என்கிட்ட கேளுங்க, பொய் சொல்ல மாட்டேன்."

ராக்காயி பூட்டைக் கையில் பிடித்தார். திறக்கவில்லை. விட்டுவிட்டு உள்ளே போகவும் இல்லை.

"சரி," என்றார், கம்பிக்கு அந்தப் பக்கம் நின்றபடியே. "அந்தக் காது போன ஆளு யாருன்னு உனக்குத் தெரியுமா?"